மூன்றாவது ஐயா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைக்கத் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். இலங்கை மலைநாட்டில், மடுல்கெல்லப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். இப்போது கம்பளையில் குடியிருக்கிறோம். அந்த மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் கூரையில் மழை இரைந்தால் போதும், அந்தக் காலை வந்து முன்னால் நின்றுவிடும்.

என் அண்ணன், என் வீட்டுக்காரர், நான், இந்த மூன்று பேரின் கதை இது. அண்ணனை நான் 'அவன்' என்றுதான் எழுதுவேன். என்னைவிட மூத்தவன்தான். ஆனால் ஒரே கம்பளிக்குள் படுத்து, ஒரே தட்டில் அடித்துப் பிடித்துத் தின்று வளர்ந்தவனை 'அவர்' என்று எழுதினால், யாரோ ஊர்ப் பெரிய மனிதரைப் பற்றி எழுதுகிற மாதிரி எனக்கே அந்நியமாக இருக்கிறது. தப்பு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்காரர் எங்கள் தாய்மாமன் மகன். அண்ணனும் அவரும் ஒரே லயத்தில், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய அந்த வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் உண்டு, ஆனால் அந்தப் பெயரை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. டேய், மச்சான், மூதேவி, கழுதை, இவ்வளவுதான் அவர்கள் அகராதி. விடியற்காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுகிற இடத்தில் ஒருவன் "இன்னும் சாகலையாடா நீ" என்பான், மற்றவர் "உன்னைக் குழியில போட்டு மண்ணு தள்ளிட்டுத்தான்டா" என்பார். அதுதான் அவர்களுக்குக் காலை வணக்கம். எங்கள் அம்மா, விளங்குமா இந்தப் பேச்சு என்று தலையில் அடித்துக்கொள்வாள். அம்மா அடித்துக்கொள்வதைப் பார்த்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடப் பேசுவார்கள்.

ஒரு தடவை அண்ணனுக்குக் கடும் காய்ச்சல். தோட்டத்து மருந்துக்காரர் இருந்த இடம் மலைக்குக் கீழே. அவனை முதுகில் சுமந்துகொண்டு இவர்தான் இறங்கினார். வழி நெடுக ஏச்சு. "செத்துத் தொலைடா, உன் கம்பளி எனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே போனார். பின்னால் நடந்த எனக்குத்தான் தெரியும், அவர் முகத்தில் வழிந்தது முழுக்க வியர்வை இல்லை என்று.

எங்கள் கல்யாணம் முடிந்ததும் அம்மா அண்ணனைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள். இனிமேல் அவர் இந்த வீட்டு மருமகன், வாடா போடா எல்லாம் கூடாது, நாலு பேர் சிரிப்பார்கள் என்றாள். அண்ணனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் இவர் வாசலில் வந்து நின்றதும் கை கூப்பி, "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றான். இவர் ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அண்ணனுக்குப் புரையேறி, அம்மா உச்சந்தலையில் தட்ட வேண்டி வந்தது. மரியாதைக்கு எங்கள் வீட்டில் அன்று ஒரு நாள்தான் ஆயுசு.

அண்ணன் கொஞ்சம் படித்தவன். கண்டியில் சுவாமிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தான். அதனால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிப் பேர் பதிகிற கணக்கப்பிள்ளை வேலை காலியானபோது அவனுக்குக் கிடைத்தது. எங்கள் சொந்தத்தில் அதற்கு முன் யாரும் மண்வெட்டியும் கூடையும் தவிர எதையும் பிடித்ததில்லை. எங்களுக்கெல்லாம் கால் தரையில் பாவவில்லை. யாரைவிடவும் கூடுதலாகத் துள்ளியது என் வீட்டுக்காரர்தான்.

அந்தத் துள்ளல்தான் வினையாக வந்தது. முதல் நாள் அண்ணன் வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, கையில் பிரம்போடு மலைக்கு வந்தான். கோட்டு அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "டேய் மச்சான், எந்தப் பிரேதத்துக்கிட்ட இருந்துடா கழட்டினே?" என்று கத்தினார். மலையே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பினால் மேல் ரோட்டில் பெரிய துரை நிற்கிறார்.

அந்தத் துரையின் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேலை வாங்குவதற்கென்று கற்றுக்கொண்ட தமிழ் அது. அதில் 'நீங்கள்' என்கிற சொல்லே கிடையாது. பேரன் பேத்தி எடுத்த பெரிய கங்காணியையும் 'நீ வா, நீ போ' என்றுதான் சொல்வார், பெரிய கங்காணியும் கைகட்டிக் கேட்பார். அப்படிப்பட்ட துரை அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ கணக்கப்பிள்ளை. அவன் உனக்கு டா சொல்றான். நாளைக்கு எல்லா ஆளும் சொல்லும். நீ எப்படி வேலை வாங்குவ?" அதோடு, அன்றைக்கு இவருக்கு அரைப்பேர்தான் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். அண்ணன் போட்டான். போடாமல் என்ன செய்வான்?

சாயங்காலம் அண்ணன் எங்கள் காம்பராவுக்கு வந்தான். கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் வந்தான். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, மலையில் மட்டும் எல்லாரையும் போல ஐயா என்று கூப்பிட்டுவிடு, லயத்துக்கு வந்தால் எப்போதும் போல இருப்போம் என்று கேட்டான். கேட்டான் என்றுதான் சொல்ல வேண்டும், உத்தரவு போடவில்லை. குரல் கெஞ்சலாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரருக்கு அரைப்பேர் போனது பெரிதில்லை. துரை திட்டியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பார். மச்சான் வந்து கேட்டான் பாருங்கள், அதுதான் அவரைக் குத்திவிட்டது.

"மலையில ஒரு நாக்கு, லயத்துல ஒரு நாக்கு வச்சுக்கிட எனக்குத் தெரியாதுங்க. ஐயான்னா எங்கேயும் ஐயாதான்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து, பலகையைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கய்யா" என்றார்.

கல்யாணத்தன்று சிரித்த அதே வார்த்தை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் உட்காரவும் இல்லை.

அதற்குப் பிறகு இவர் வாயிலிருந்து 'டேய்' வரவே இல்லை. பெரட்டில், மலையில், லயத்தில், கோயில் வாசலில்கூட ஐயாதான். மரியாதையாலும் ஓர் ஆளை அடிக்க முடியும் என்று நான் அப்போதுதான் பார்த்தேன். ஏச்சு என்றால் திருப்பி ஏசலாம். 'சரிங்கய்யா' என்பவனை என்ன செய்வது? அண்ணன் சில நாள் வந்து வாசலில் நின்று பார்த்தான், பிறகு வருவதைக் குறைத்தான், பிறகு அதுவும் நின்றே போனது. நான் இவரிடம் சண்டை போட்டேன். போதும், அவனும்தான் எத்தனை நாள் தாங்குவான் என்றேன். "மரியாதைதானே கேட்டாக, குடுக்கிறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிவாதக்காரர். அண்ணனும் குறைந்தவன் இல்லை.

இதற்கு நடுவில் அண்ணனிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மலையில் கணக்கப்பிள்ளையை நாள் முழுக்க நாலு பக்கமும் கூப்பிட்டபடி இருப்பார்கள். ஐயா, பிள்ளைக்கு வயிற்றாலே போகிறது, லயத்துக்குப் போய்வரட்டுமா. ஐயா, என் நிரையில் அவள் கொழுந்து பறிக்கிறாள். நானும் அவர்களில் ஒருத்திதான், மலையில் நானும் அவனை ஐயா என்றுதான் கூப்பிட்டேன். முதல் குரலுக்கே திரும்பினால் ஆட்கள் தலையில் ஏறிவிடுவார்கள், மூன்றாவது ஐயாவுக்குத்தான் திரும்ப வேண்டும் என்று பழைய கணக்கப்பிள்ளை சொல்லிக்கொடுத்திருந்தார். எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். முதல் ஐயாவுக்கு அண்ணன் அசைய மாட்டான். இரண்டாவதுக்குப் பிரம்பைப் பின்பக்கமாகக் கொஞ்சம் தூக்கி, இரு என்று காட்டுவான். மூன்றாவதுக்குத்தான் முகம் திரும்பும். ஆரம்பத்தில் நடிப்பாகச் செய்தான். போகப் போக உடம்பிலேயே ஊறிவிட்டது.

அந்த ஐப்பசிக் காலையில் மேல்மலைக்கு ரோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய பாறை ஒன்று குறுக்கே கிடந்தது. வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு ஆட்களும் மேலே நின்று அலவாங்கு என்கிற கடப்பாரை கொடுத்து அதைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். கீழே நாங்கள் பெண்கள் கூடையில் மண் சுமந்து பள்ளத்தில் கொட்டினோம். எங்கே கொட்ட வேண்டும் என்று பிரம்பால் காட்டியபடி அண்ணன் பாறைக்கு நேர் கீழே, முதுகைக் காட்டி நின்றான். பாறை மறுபக்கம் சரியும்படிதான் நெம்பினார்கள், அதனால் அவன் நின்ற இடம் ஆபத்தில்லாத இடம். சற்றுத் தள்ளி ரோட்டில் துரை குடையோடு நின்றார்.

இரவெல்லாம் பெய்த மழையில் அடி மண் ஊறியிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. அலவாங்கை எடுக்கும் முன்பே பாறை தானாக இந்தப் பக்கம் அசைந்தது.

"ஐயா!" என்று இவர் குரல் கேட்டது. நான் கூடையோடு நிமிர்ந்தேன். பாறை சாய்வது தெரிந்தது.

"ஐயா! ஐ..."

அண்ணன் திரும்பவில்லை. கையிலிருந்த பிரம்பை மட்டும் பின்பக்கமாகக் கொஞ்சம் தூக்கினான். இரு என்று.

அவ்வளவுதான். மூன்றாவது ஐயாவுக்கு நேரம் இருக்கவில்லை.

பாறையைப் புரட்டி அவனை எடுத்தபோது உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே எழுத எனக்கு மனசு இல்லை. கம்பளியில் கிடத்தி மருந்துக்காரரிடம் தூக்கிப் போனோம். அவர் பார்த்துவிட்டுத் தோட்டத்து லொறியிலேயே கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். நானும் ஏறிக்கொண்டேன். வீட்டுக்காரரை ஏறவிடவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் புரிந்தது. லயத்தில் பேச்சு கிளம்பியிருக்கிறது. அரைப்பேர் போட்ட வஞ்சம், மாதக் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவன், வேண்டுமென்றேதான் பாறையை விட்டான் என்று யாரோ ஒருவர் சொல்ல, பெரிய கங்காணி அதைத் துரை காதில் போட்டுவிட்டார். சொன்னவர்கள் எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள்தான். நாக்குக்கு எலும்பில்லை. துரை பொலிசுக்குச் சொல்லி, இவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். துரை, ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு சிங்களக் கான்ஸ்டபிள். இவர் கதவோரம் சுவரை ஒட்டி நின்றார். உடுத்தியிருந்த துணியில் அண்ணனின் ரத்தம் காய்ந்து கிடந்தது. ஒரே இரவில் அத்தனை வயது கூடிவிட்ட முகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

எனக்கு அண்ணன் பிழைக்க மாட்டான் என்று தெரிந்துவிட்டது. சுவாமியார் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவன் வாயைத் திறக்காமல் போய்விட்டால் இவரையும் கொண்டுபோய் விடுவார்கள். அண்ணன் ஒரு கை, இவர் ஒரு கை என்று என்னைப் பிடித்து இழுப்பதைப் போல இருந்தது. மாதாவே, ஒரு வார்த்தை பேச வை என்று மனதுக்குள் கத்திக்கொண்டே அவன் தலைமாட்டில் நின்றேன்.

இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் கேட்க, கான்ஸ்டபிள் கடைத்தெருத் தமிழில் திருப்பிக் கேட்டார். உனக்கும் இவனுக்கும் கோபமா, இவன் வேண்டுமென்று செய்தானா என்று. அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. கண் மெதுவாக அறையைச் சுற்றி வந்து கதவோரத்தில் நின்றது.

"டேய்" என்றான். "ஏன்டா மூதேவி அங்க நிக்கிறே?"

கான்ஸ்டபிள் உடனே இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். நோயாளி இவனைத் திட்டுகிறான் என்று சொல்கிறார் என்பது அவர் கை காட்டியதிலேயே விளங்கியது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கங்காணிமார் ஆட்களை விரட்டும்போதுதான் அவர் 'டேய்' கேட்டிருப்பார். இன்ஸ்பெக்டர் திரும்பி இவரை முறைத்துப் பார்த்தார்.

துரைக்கு முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்று எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"திட்டலங்க. கூப்பிடுது. எங்க அண்ணனுக்குக் கோவம்னா பேசவே பேசாது. இவரைத் தவிர ஒருத்தரையும் அது இப்படிக் கூப்பிட்டதில்ல. துரைக்குத் தெரியும், கேளுங்க."

துரை என்னைப் பார்த்தார், பிறகு தன் தொப்பியைப் பார்த்தார். கடைசியில் இன்ஸ்பெக்டரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் கையைக் காட்ட, இவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் விட்டார்கள்.

அண்ணன் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். கான்ஸ்டபிளும் குனிந்து கேட்டார்.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சுடா மச்சான். ஐயான்னு கேட்டுச்சு. எவனோன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீன்னு தெரியலடா" என்றான்.

கான்ஸ்டபிளுக்கு அதற்கு மேல் கேள்வி இருக்கவில்லை. வீட்டுக்காரர் அன்றைக்குத் தப்பினார். சட்டத்திடமிருந்துதான் சொல்கிறேன்.

அண்ணன் கையைத் தூக்கப் பார்த்தான். அது எழும்பவில்லை. "கிட்ட வாடா" என்றான். கேட்டது அது ஒன்றுதான்.

இவர் ஓர் அடி எடுத்து வைத்தார். வாய் கோணியது. எத்தனையோ மாதமாகப் பழக்கி வைத்த நாக்கு, துரையும் பொலிசும் வேறு நிற்கிறார்கள். "வர்றேங்கய்யா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. மெல்லச் சிரிக்கப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு கண்ணை மூடினான். இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்து, "டேய், டேய் மச்சான், இந்தாடா வந்துட்டேன்டா" என்று கதறினார். வார்டே திரும்பிப் பார்த்தது. திரும்ப வேண்டியவன் திரும்பவில்லை. மத்தியான மணி அடிக்கும் முன்பே நர்ஸ் வந்து துணியால் மூடிவிட்டாள்.

கண்டியிலேயே அடக்கம் செய்தோம். தோட்டத்துக்குத் திரும்பிப் போனபோது, பேசிய வாய்களே வந்து கட்டிப்பிடித்து அழுதன. எனக்கு அவர்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. இவருக்கோ பெரட்டில் போய் நிற்கவே முடியவில்லை. புதிதாக வந்த கணக்கப்பிள்ளையை ஐயா என்று கூப்பிட வேண்டுமே. தோட்டத்தை விட்டுப் போக எழுதிக்கொடுக்கும் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு கம்பளைக்கு வந்து சேர்ந்தோம். இங்கே ஒரு முஸ்லிம் நானாவின் அரிசிக்கடையில் மூட்டை தூக்குகிறார். அவரை 'முதலாளி' என்று கூப்பிடுகிறார். 'ஐயா' என்கிற சொல் என் வீட்டுக்காரர் வாயிலிருந்து அதற்குப் பிறகு வந்ததில்லை. 'டேய்' என்பதும் வந்ததில்லை. பேச்சே பாதியாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவாமியார், இளந்தாரிப் பிள்ளைகள் வாடா போடா என்று மரியாதையில்லாமல் பேசிக்கொள்வதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கு உள்ளே எரிந்தது. ஆபத்தில் மாதாவைக் கூப்பிடுகிறபோது நீங்கள் நாங்கள் என்றா கூப்பிடுகிறோம்? 'டா'வில் மரியாதை இருக்கிறதா இல்லையா என்று படித்தவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். என் அண்ணனை ஒரு பாறை கொன்றது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டார்கள். அதற்கு முன்பே அவனைக் கொன்ற வார்த்தை எது என்று எனக்குத் தெரியும், அது ரொம்ப மரியாதையான வார்த்தை.

பூசை முடிந்து கடைத்தெரு வழியாக நடந்து வந்தோம். பின்னால் யாரோ யாரையோ "டேய் மச்சான்" என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாக அப்படித்தான். அந்தக் குரல் தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார், நானும் கூடவே நின்றுவிட்டுத்தான் நடப்பேன்.